மேனேஜருக்கு ஒரு கண்ணாடி வீடு

தொட்டிக்காரரின் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. மீன் தொட்டி செய்வது அவருக்குத் தொழில். முப்பத்தோரு வருடமாக அதே தெரு, அதே கடை, கடைக்கு மேலே வீடு. கடையில் வேலை ஓய்ந்தால் மாடியேறி வந்து வீட்டில் எதையாவது கழற்றுவார். குழாய் சொட்டவில்லை என்றாலும் கழற்றுவார்; என்றைக்காவது சொட்டத்தானே போகிறது என்பது அவர் கட்சி. கழற்றியதை முன்பைவிட நன்றாகவே மாட்டுவார், அதையும் சொல்லிவிட வேண்டும். அவரால் வீடு கெட்டது என்று அவர் மனைவிகூடச் சொன்னதில்லை. நிம்மதி கெட்டது என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

தொழிலில் மனிதர் கில்லாடி. ஒரு தொட்டியை ஒட்டி முடித்ததும் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, மூன்று நாள் விட்டுவிடுவார். நான்காம் நாள் தண்ணீரை இறைத்துவிட்டுத் தாளை எடுத்துத் தடவிப் பார்ப்பார். ஒரு மிளகு அளவு ஈரம் இருந்தாலும் அந்தத் தொட்டி கடைப்படி இறங்காது. ஆனால் ஒழுகாத தொட்டியை எவனும் செய்துவிடுவான், தன் பெருமை அதில் இல்லை என்பார். கண்ணாடி இருப்பதே தெரியக் கூடாது. அதற்காக முனைகளை நாள் கணக்கில் தேய்ப்பார். ஒட்டுப் பசை ஒரு நூல் பிதுங்கினாலும் பிளேடால் சுரண்டுவார். வாங்க வந்தவர் மீனைக் காட்டுகிறேன் என்று விரலை நீட்டி, விரல் கண்ணாடியில் இடித்துக்கொண்டு திடுக்கிட்டால், அன்று முழுக்க தொட்டிக்காரருக்கு வாயெல்லாம் பல். அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்குத் தெரியாது.

அவருக்கு ஒரே மகள். எட்டாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சிக்கு என்று அட்டையிலும் ஐஸ் குச்சியிலும் ஒரு நீர்ச்சக்கரம் செய்து வைத்திருந்தாள். கொஞ்சம் கோணல்தான், ஆனால் சுற்றியது. அவள் இரண்டு நாள் அத்தை வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் இவருக்குக் கை அரித்தது. திரும்பி வந்தவள் பார்த்தது முழுக்கக் கண்ணாடியில் இழைத்த ஒரு நீர்ச்சக்கரம். முதல் பரிசு கிடைத்தது. கோப்பையை அவள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது நான் செஞ்சது இல்லப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்லது செய்தால் இதுதான் மரியாதை என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்குப் புரிய சில வருடங்கள் ஆயின. அதற்குள் அவள் தன் பொருள் எதையும் அவர் கண்ணில் படும்படி வைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

அப்படிப்பட்டவள், இருபத்தாறு வயதில், ஒரு பச்சோந்தியை அவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

மகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எட்டு மாதப் பயிற்சிக்கு வேறு ஊருக்கு அனுப்பினார்கள். தங்கும் விடுதியில் செல்லப் பிராணிக்கு இடமில்லை. பச்சோந்தி பண்ணையில் பிறந்த வெளிநாட்டு இனம், முறையான காகிதங்களோடு அவள் வாங்கியது. விரல் நீளக் குஞ்சாக வந்தது இப்போது முழங்கை நீளத்துக்குத் தலையில் கொண்டையோடு வளர்ந்து நின்றது. பெயர் மேனேஜர். ஒரு கண் வாசலைப் பார்க்கும்போது இன்னொரு கண் கூரையைப் பார்க்கும். ஒரு அடி எடுத்து வைப்பதற்கு முன் நான்கு தடவை முன்னும் பின்னும் ஆடி யோசிக்கும். அவள் அலுவலகத்தில் மேனேஜர் ஒரு கையெழுத்துப் போடுவதும் அப்படித்தானாம்.

கிளம்புகிற அன்று ஒரு நோட்டை அவரிடம் கொடுத்தாள். விளக்குகள் காலை ஏழுக்கு எரிய வேண்டும், மாலை ஏழுக்கு அணைய வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்காது. இலைமேல் தெளித்தால் சொட்டை நக்கிக் குடிக்கும். சுவர்க்கோழிப் பூச்சிகளைக் கால்சியம் பவுடரில் புரட்டிக் கொடுக்க வேண்டும். பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இரண்டு விளக்கும் வலைக்கூண்டின் மேல்வலைமீது இருக்க வேண்டும்: குண்டு விளக்கு சூட்டுக்கு, நீளக் குழல்விளக்கு வெயிலுக்கு. இதெல்லாம் உள்ளே. அட்டையைத் திருப்பியதும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி: எதையும் மாற்ற வேண்டாம்.

அதை வாயாலும் சொன்னாள்.

"அப்பா, இத நீங்க இன்னும் நல்லா பண்ண வேண்டாம். இருக்கிறபடி பாத்துக்கிட்டா போதும்."

"நான் என்னம்மா பண்ணப்போறேன்?" என்றார். பக்கத்தில் நின்ற மனைவி இருமினாள்.

உள்ளுக்குள் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு மகள் தன் பொருள் ஒன்றை அவர் கண் முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள். எட்டு மாதம் கழித்து இதை அவள் கையில் முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு உயிர் போனாலும் பரவாயில்லை என்று மனைவியிடம் சொன்னார். யார் உயிர் என்று அவள் கேட்டாள்.

இரண்டு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். நோட்டில் இருந்து ஒரு புள்ளி பிசகவில்லை. சுவர்க்கோழிகள் தப்பித்து குளிர்பெட்டிக்கு அடியில் போய்க் கச்சேரி வைத்தன. மனைவி துடைப்பத்தோடு தரையில் படுத்துத் தேடினாள். தெளித்த தண்ணீர் வலைவழியே ஒழுகிச் சுவரெல்லாம் பூஞ்சை பிடித்தது. அதையும் பொறுத்தார். ஒழுகுகிற ஒரு பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் பொறுத்தார் என்றால் மகள்மேல் அவருக்கு எவ்வளவு பாசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் மேனேஜர் பக்கவலையில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்தது. நகம் கம்பியில் சிக்கியிருந்தது. மற்ற மூன்று கால்களும் காற்றைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தன. அவர் நகத்தை விடுவித்தபோது அதன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. அவ்வளவுதான், அவர் மனம் கேட்கவில்லை. ஊரெல்லாம் மீனுக்கு மாளிகை கட்டிக் கொடுக்கிறவன் மகள் வளர்க்கும் ஜீவன் கொசுவலைக் கூண்டில் ரத்தம் சிந்துவதா என்று மாடிக்கும் கடைக்கும் நடந்தார்.

"அவ வச்சது வச்சபடி இருக்கட்டுமே" என்றாள் மனைவி.

இது மாற்றம் இல்லை, பத்திரம் என்றார். பதினோரு நாளில் தொட்டி எழும்பியது. ஆள் இடுப்பு உயரம். அவசரத்தில் அள்ளித் தெளித்ததல்ல, எல்லாவற்றையும் யோசித்திருந்தார். காற்று போக இரண்டு பக்கச் சுவரிலும் கீழே ஒன்று மேலே ஒன்று என வாய் விட்டு மெல்லிய துணிவலை ஒட்டினார். தண்ணீர் வடிய அடியில் குழாயும், பூச்சி போடப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவும் வைத்தார். கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு மேனேஜர் கருத்துப்போய்ச் சீறியபோது, காற்று வாயை மறைக்காமல் மூன்று பக்கமும் வெளியே பச்சைத் தாள் ஒட்டி அதையும் தீர்த்தார். முன்பக்கம் மட்டும் தாள் இல்லாமல் விட்டார். மேலே, சூடு தாங்கும் தடித்த கண்ணாடியில் ஒரு மூடி. விளக்கு இரண்டையும் அந்த மூடிமேல், முன்பு இருந்த அதே உயரத்தில், அதே இடைவெளியில் வைத்தார். உள்ளே வெப்பமானி மாட்டிப் பார்த்தார். நோட்டில் எழுதியிருந்த சூடு அப்படியே வந்தது. வெளிச்சம் இலை இலையாக இறங்கியது. வலையின் நிழல் விழாததால் முன்பைவிடப் பளிச்சென்றே இருந்தது.

மகளிடம் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்று அல்ல. அவள் வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று ஆசை.

அவள் தினமும் மாலையில் வீடியோவில் கூப்பிடுவாள். மேனேஜரைக் காட்டச் சொல்வாள். தொட்டிக்காரர் போனை முன்பக்கத்துக்கு நேரே பிடிப்பார். ஒரு தடவை அவள், "கதவ ரொம்ப நேரம் திறந்து வைக்காதீங்கப்பா, வெளிய வந்துடும்" என்றாள். அவர் போனை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். கதவு எதுவும் திறந்திருக்கவில்லை. குறுக்கே கண்ணாடி இருக்கிறது, அது அவளுக்குத் தெரியவில்லை. போனை வைத்ததும் மனைவியிடம் ஓடிப்போய் அதைச் சொன்னார். அந்த வாரம் முழுக்கச் சொன்னார்.

ஐந்தாம் மாதத்தில் மேனேஜர் குறி தப்ப ஆரம்பித்தது. பூச்சியை நோக்கி நாக்கை வீசும், நாக்கு பாதி வழியில் தளர்ந்து விழும். வயதாகிவிட்டதோ என்று மனைவி கேட்டாள். ஒன்றரை வயதுக்குள் என்ன வயது? நோட்டை எடுத்து வரி வரியாகப் படித்தார். விளக்கு பழசாகியிருக்கும் என்று புதுக் குழல் வாங்கி மாட்டினார். பவுடரைக் கூட்டினார். இலை மாற்றினார். பூச்சிகளுக்கே நல்ல கீரையாகப் பார்த்து ஊட்டினார். வீட்டில் மனிதர்களுக்கு வாடிய கீரைதான். எதுவும் பலிக்கவில்லை. ஆறாம் மாதம் அது உச்சிக் கிளையை விட்டு நடுக்கிளைக்கு இறங்கியது. பிறகு அடிக்கிளைக்கு. பகலில் ஒரு கண்ணை மூடியிருந்தது. கையைச் சுவாதீனமாக ஊன்றாமல் முழங்கையைத் தரையில் இழுத்தது.

நகரில் இருந்த பிராணி மருத்துவர் நாய்க்கும் பூனைக்கும் பார்ப்பவர். நல்ல பெண்மணி, ஒளிவுமறைவு கிடையாது. தான் பச்சோந்திக்கு மருத்துவம் பார்த்ததே இல்லை என்று முதலிலேயே சொன்னார். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் புகை படிந்தது மாதிரி இருந்தது. முன்கை இரண்டும் வளைந்திருந்தன. எலும்பில் சுண்ணாம்புச் சத்தே இல்லை என்றார். பிறகு தன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். கால்சியம் கொடுக்கிறீர்களா? கொடுக்கிறோம். வெயில் விளக்கு இருக்கிறதா? இருக்கிறது. பழையதா? போன மாதம் மாற்றினேன். எத்தனை மணி நேரம்? பன்னிரண்டு. எவ்வளவு தூரத்தில்? ஒரு முழம், தலைக்கு நேர் மேலே. நடுவில் ஏதாவது மறைக்கிறதா?

"ஒண்ணுமே மறைக்கலீங்க" என்றார் தொட்டிக்காரர். "பளிச்சுன்னு விழுது."

அவர் பொய் சொல்லவில்லை. மருத்துவர் புத்தகத்தை மூடிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கும்போது இப்படி ஏன் ஆகிறது என்று தனக்குத் தெரியவில்லை என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். வளைந்த கை இனி நிமிராது, ஆனால் மேற்கொண்டு வளையாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளும் என்றார். மேற்கொண்டு வளையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று இவர் கேட்டார். செய்வதையெல்லாம் தொடர்ந்து செய்யுங்கள் என்றார் மருத்துவர்.

செய்தார். அதுதான் கொடுமை. காலை ஏழு மணிக்கு விளக்கைப் போட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் உட்காருவார். இங்க்பில்லரால் வாயோரம் மருந்து வைப்பார். மேனேஜர் அதை நக்கும், அல்லது மருந்து வழிந்து போகும். கடையைத் திறக்க மறந்துபோனார். வாடிக்கையாளர்கள் படியில் நின்று கூப்பிட்டால் மனைவி போய்ப் பேசி அனுப்பினாள். ஒரு கண்ணாடி உடைந்தால் எங்கே உடைந்தது என்று அவருக்குத் தெரியும். ஒரு தொட்டி ஒழுகினால் எந்த மூலை என்று விரல் சொல்லும். இங்கே எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை, உட்காரவும் அவருக்குத் தெரியாது. அதனால் அடிக்கடி எழுந்து தொட்டியின் முன்பக்கத்தைத் துடைத்தார். மருத்துவர் வளைந்த கையைப் பற்றிச் சொன்னதை மட்டும் மனைவியிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டார்.

மகளிடம் சொல்லிவிடுங்கள் என்று மனைவி நாலு நாள் சொன்னாள். கொஞ்சம் தேறட்டும் என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். போனில் காட்டும்போது முகத்தை மட்டும் காட்டினார். ஐந்தாம் நாள் மகளே, "கைய காட்டுங்கப்பா" என்றாள். காட்டினார். பிறகு அவளும் அதே கேள்விகளைக் கேட்டாள், மருத்துவர் கேட்ட அதே வரிசையில். அதே பதில்களைச் சொன்னார். தொட்டியைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. ஜீவன் கிடந்து தவிக்கும்போது தான் செய்த வேலையைப் பற்றி எப்படிப் பெருமையடித்துக்கொள்வது? விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அவள் போனை வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தாள். பையை வாசலிலேயே போட்டுவிட்டு நேராக உள்ளே போனாள். பின்னாலேயே அப்பாவும் அம்மாவும் போனார்கள். மேனேஜர் அடிக்கிளையில் படுத்திருந்தது. அவள் குரல் கேட்டதும் ஒரு கண் மெல்லத் திறந்து அவள் பக்கம் திரும்பியது. அவள் குனிந்து, அதைத் தூக்குவதற்காகக் கையை நீட்டினாள்.

விரல்கள் கண்ணாடியில் இடித்தன.

அவள் கையை இழுத்துக்கொண்டு விரலைப் பார்த்தாள். பிறகு அந்த விரலாலேயே மெதுவாகக் கண்ணாடியைத் தொட்டாள். பக்கவாட்டில் தொட்டாள். நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"மேலயும் கண்ணாடியா?"

"எட்டு மில்லி கனம்மா. நகம் மாட்டி ரத்தம் வந்துச்சு, அதான்..."

"எப்போலேருந்து?"

"மூணாம் மாசத்துலேருந்து."

அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். குரல் உயராமல், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"வெயில்ல எலும்புக்குன்னு ஒரு கதிர் இருக்குப்பா. அந்தக் குழல்விளக்குலயும் அது உண்டு, கண்ணுக்குத் தெரியாது. அது இல்லாட்டி எவ்ளோ பவுடர் கொடுத்தாலும் எலும்புல சேராது. வலை வழியா போகும். கண்ணாடிய தாண்டாது. நம்ம கண்ணுக்குப் பளிச்சுன்னுதான் இருக்கும். ஆனா இந்தத் தொட்டிக்குள்ள இது இருட்டுல இருந்த மாதிரிதான்."

தொட்டிக்காரர் மூடியைப் பார்த்தார். முப்பத்தோரு வருடம் கையாண்ட பொருள். அதன் கனம் தெரியும், சத்தம் தெரியும், எங்கே கீறினால் எப்படிப் பிளக்கும் என்று தெரியும். அது எதையாவது தடுத்து நிறுத்தும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு அந்த விளக்கைப் போட்டது தன் கைதான் என்பது நினைவுக்கு வந்தது.

"ஏன்னு நான் எழுதியிருக்கணும்" என்றாள் மகள். "மாத்தாதீங்கன்னு மட்டும் எழுதிட்டேன்."

அவள் தன்மேல் பழி போட்டுக்கொண்டது அவருக்கு இன்னும் வலித்தது. விளக்குகளை எடுத்துத் தரையில் வைத்தார். மூடியை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரில் சாய்த்தார். பழைய கூண்டின் மேல்வலையை மொட்டைமாடி அறையிலிருந்து மனைவி கொண்டுவந்தாள். மகள் அதை மேலே போட்டு, விளக்கை அதன்மேல் வைத்து, சுவிட்சைப் போட்டாள். பார்வைக்கு எதுவும் மாறவில்லை. அதே வெளிச்சம்தான் இலைமேல் விழுந்தது.

மேனேஜருக்கு மட்டும் என்னவோ தெரிந்தது. தலையைத் தூக்கியது. இரண்டு கண்ணையும் திறந்து மேலே பார்த்தது. பிறகு வழக்கம்போல முன்னும் பின்னும் ஆடி யோசித்துவிட்டு, மேல்கிளையைப் பிடிக்க ஒரு கையை நீட்டியது. கை கிளையைத் தொட்டது. உடம்பின் பாரம் அதில் இறங்கியதும் கை மடங்கிக்கொண்டது. மேனேஜர் அடியில் விழுந்தது.

"கை நேராயிடுமா?" என்று மனைவி கேட்டாள்.

"ஆகாதும்மா" என்றாள் மகள்.

விழுந்த இடத்திலிருந்து அது மறுபடி தண்டைப் பற்றியது. தொட்டிக்காரரின் கை தானாகவே பக்கக் கதவைத் திறந்து உள்ளே போனது. கீழே ஒரு குச்சியைக் குறுக்கே வைத்தால் ஏறிவிடும், நாலு விரல் அகலத்துக்கு ஒரு தட்டு ஒட்டினால் இன்னும் சுலபம், ஐந்து நிமிட வேலை.

"வேண்டாம்பா" என்றாள் மகள். கோபமே இல்லை அந்தக் குரலில். "நீங்க ஒண்ணும் செய்யாதீங்க."

அவர் கையை வெளியே எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மேனேஜர் இரண்டாவது முறையும் விழுந்தது. கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு, விளக்கைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது முறை கையை நீட்டியது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.